மாடிஃபிகேஷன் வரும்வரை பறக்கலாமா?



ஒரு ரக விமானத்தில் டிசைன் குறை ஒன்று தெரிந்துவிட்டது. மாற்று பாகமோ புது சாஃப்ட்வேரோ தயாராக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த ரக விமானங்களைத் தரையில் நிறுத்துவதா, பறக்க விடுவதா? "உயிர் விஷயம், நிறுத்திடு!" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் நிறுத்த ஆரம்பித்தால் எந்த விமானமும் கிளம்பாது. அதனால் இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம்ம செமஸ்டர் கணக்கைவிட சுலபம், பயப்படாமல் வாங்க.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதலில் உள்ள முறை இது. ஒரு விமானம் ஆயுளில் சுமார் 60,000 மணி நேரம் பறக்கும். விமானக் கோளாறால் பேரழிவு நேரும் வாய்ப்பு, சராசரியாக ஒரு கோடி மணி நேரத்துக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது. ஆக, ஆயுள் முழுவதற்கும் ஆயிரத்துக்கு 6. இதுதான் மொத்த பட்ஜெட். இதில் முக்கால் பங்கு டிசைனிலேயே ஒப்புக்கொண்ட ரிஸ்க்குக்குப் போய்விடுகிறது. நடுவில் முளைக்கும் குறைகளுக்கு மிஞ்சுவது கால் பங்கு. அப்படிப்பட்ட குறை ஆயுளில் 10 தடவை வரும் என்று வைத்து வகுத்தால், ஒரு குறைக்குக் கிடைப்பது பத்தாயிரத்துக்கு ஒன்றரை. மாசச் சம்பளத்தில் வாடகையும் மளிகையும் போக மிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவு பண்ணுகிற மாதிரிதான்!

இனி வெறும் வகுத்தல். குறையால் விபத்து வரும் வாய்ப்பு ஒரு கோடி மணிக்கு ஒன்று என்றால் 1,500 மணி நேரம் பறக்கலாம். வருடத்துக்கு 3,000 மணி பறக்கும் விமானத்துக்கு அது ஆறு மாதம். பத்து லட்சம் மணிக்கு ஒன்று என்றால் 150 மணிதான், மூன்று வாரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ரிஸ்க் கூடக் கூட அவகாசம் சுருங்கும். இடைக்காலத்தில் சோதனையைக் கூட்டலாம், வேகத்துக்கு வரம்பு போடலாம், பைலட்டுக்கு அறிவுரை தரலாம். இவற்றால் ரிஸ்க் குறைந்தால் அவகாசம் நீளும்.

இந்தக் கடைசி வரியில்தான் வில்லங்கமே இருக்கிறது. 2018 அக்டோபர் 29-ல் இந்தோனேஷியாவில் லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கு காற்றுக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கும் சென்ஸார் ஒன்று தப்பாகச் சொல்ல, எம்-காஸ் என்ற சாஃப்ட்வேர் அந்த ஒரே சென்ஸாரை நம்பி மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. நவம்பர் 7-ல் அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. அவசர உத்தரவு போட்டது. இப்படி நடந்தால் பைலட் மின்சார டிரிம்மை கட் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். எம்-காஸ் என்ற பெயரே அதில் இல்லை. சாஃப்ட்வேர் திருத்தம் வருமுன்பே விமானங்கள் தொடர்ந்து பறந்தன.

டிசம்பரில் எஃப்.ஏ.ஏ. ஒரு கணக்குப் போட்டது. திருத்தாமலே விட்டால் சுமார் 4,800 விமானங்களின் ஆயுளில் ஏறத்தாழ 15 விபத்து நேரும் என்று வந்தது. 100 பைலட் குழுக்களில் 99 சரியாகச் சமாளிக்கும் என்பது அதில் ஓர் அனுமானம். 2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில்தான் இதெல்லாம் வெளியே வந்தது.

எஃப்.ஏ.ஏ.வின் முறை வேறு. ஆனாலும் அந்த எண்ணை மேலே சொன்ன சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்தேன். 4,800-ஐ 60,000-ஆல் பெருக்கினால் 28.8 கோடி மணி. அதில் 15 விபத்து என்றால் 1.92 கோடி மணிக்கு ஒன்று. அவகாசம் 2,880 மணி, கிட்டத்தட்ட ஒரு வருடம்! சூத்திரப்படி பார்த்தால் தாராளமாகப் பறக்கலாம். ஆனால் 132-ஆம் நாளே, 2019 மார்ச் 10-ல், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் மேக்ஸ் விழுந்து 157 பேர் இறந்தார்கள்.

அந்த பைலட்டுகள் உத்தரவில் சொன்னபடி டிரிம்மை கட் செய்தார்கள். ஆனால் விமானம் அதிவேகத்தில் போனதால் காற்றின் அழுத்தத்தில் கைச்சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. மின்சாரத்தை மறுபடி போட்டார்கள், எம்-காஸ் மறுபடி அழுத்தியது.

இப்போது அனுமானத்தை மட்டும் மாற்றுங்கள். நூற்றில் ஒரு குழு தவறும் என்பதற்குப் பதில் நூற்றில் பத்து என்று போடுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம். விபத்து 19.2 லட்சம் மணிக்கு ஒன்றாகிறது, அவகாசம் 288 மணி, அதாவது சுமார் ஐந்து வாரம். அப்படிப் போட்டிருந்தால் டிசம்பரிலேயே விமானங்களை நிறுத்தியிருக்க வேண்டும். தவறு வகுத்தலில் இல்லை, காக்பிட்டில் அலாரங்கள் அலறும்போது மனிதன் என்ன செய்வான் என்று உட்கார்ந்த இடத்தில் போட்ட மதிப்பில் இருந்தது என்பது என் கருத்து. உலோகக் களைப்புக்கு டெஸ்ட் ரிக்கில் வைத்து எண் எடுக்கிறோம். இந்த 99-க்கு அந்த மாதிரி டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?

மேக்ஸ் விமானங்களை 2019 மார்ச்சில் உலகம் முழுக்க நிறுத்தினார்கள். 2020 நவம்பரில் எஃப்.ஏ.ஏ. திரும்ப அனுமதித்தபோது, எம்-காஸ் இரண்டு சென்ஸார்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு நிகழ்வுக்கு ஒரு தடவை மட்டுமே அழுத்தும்படி மாற்றப்பட்டிருந்தது.