ஜப்பானுக்கு நாங்களே போகலாமா?

கேள்வி: நானும் கணவரும் டூர் கம்பெனி துணையில்லாமல் ஜப்பான் சுற்றிப்பார்க்க ஆசைப்படுகிறோம். இருவரும் சைவம். சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, ஆனைமலை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், அம்மணி. கோவையில் ஏறி சிங்கப்பூரில் மாறினால் டோக்கியோ. ஸ்டேஷன்களில் ஆங்கிலப் பலகைகள் உண்டு. 7 நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயிலுக்கு ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். ஊர் குறைவென்றால் தனி டிக்கெட்டே லாபம்.

டோக்கியோவுக்கு இரண்டு நாள் போதும். மிச்சத்தைக் கியோட்டோவுக்குக் கொடுங்கள். அங்கே சஞ்சூசங்கெந்தோ கோயிலில் கன்னோன் என்ற கருணைப் போதிசத்துவரின் 1,001 சிலைகளுக்குக் காவலாக நம் கருடன் புல்லாங்குழலோடு நிற்கிறார். இந்திரனும் பிரம்மாவும்கூட உண்டு. பக்கத்திலுள்ள நாராவில், பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி! இந்த இரண்டு கோயில்களையும் அவசரப்படாமல் பாருங்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். கொயாசான் மலையில் ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்கள். மடங்களிலேயே அறை தருவார்கள், மீனும் இறைச்சியும் சேராத சாப்பாடு போடுவார்கள், விடியற்காலை வழிபாட்டிலும் உட்காரலாம். அந்த அறையை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.