கற்பிக்கக் கற்றல்

நுழையும்முன்

ஆசிரியரிடமிருந்து மாணவர் கற்பதை நாள்தோறும் காண்கிறோம். மாணவரிடமிருந்து ஆசிரியர் கற்பது எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆசிரியப் பணிக்குப் பயில்பவர் வகுப்பறையில் எதைக் கற்கிறார், எவ்வாறு கற்கிறார், அக்கற்றலில் அவருடைய குறிப்பேட்டுக்கு என்ன பங்கு என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கடைசி இருக்கையில் ஒருவர்

கல்வியாண்டின் நடுவே ஒருநாள், வகுப்பின் கடைசி இருக்கையில் புதியவர் ஒருவர் வந்து அமர்வதை மாணவர் பலரும் கண்டிருப்பர். அவர் கையில் தடித்த குறிப்பேடு ஒன்று இருக்கும். ஆசிரியரையும் மாணவரையும் மாறிமாறிப் பார்த்து அதில் ஏதோ எழுதிக்கொண்டே இருப்பார். சில நாள்களில் அவரே கரும்பலகையின் முன் நிற்பார். சில மாதங்களில் விடைபெற்றுச் சென்றுவிடுவார். 'பி.எட். ஆசிரியர்' என்று மாணவர் அவரைக் குறிப்பிடுவர். கல்வியியல் துறை அவரை 'மாணவ ஆசிரியர்' என்று அழைக்கிறது. முரண்போலத் தோன்றும் அத்தொடர் அவர் நிலையைச் சரியாகவே காட்டுகிறது. முன்னால் அமர்ந்திருப்போருக்கு அவர் ஆசிரியர். பின்னால் அமர்ந்து தம்மை உற்றுநோக்கும் வழிகாட்டி ஆசிரியருக்கு அவர் மாணவர்.

முன்பு ஓராண்டாக இருந்த இளங்கலைக் கல்வியியல் படிப்பைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஈராண்டாக்கின. முதலாண்டில் 4 வாரங்கள், இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் என மொத்தம் 20 வாரங்களை மாணவ ஆசிரியர் பள்ளிகளில் செலவிட வேண்டும் என்பது அந்நெறிமுறை. இருபது வாரம் என்பது பயில்பவருக்குக் குறைவாகத் தோன்றலாம். அவரிடம் பாடம் கேட்கும் வகுப்புக்கோ அது குறைந்த காலமன்று. அவர் பழகிக்கொள்வது மரப்பாவைகளிடம் அன்று. தேர்வெழுத வேண்டிய உண்மையான மாணவர்களிடம். பயிற்சி மருத்துவரின் நிலையும் இத்தகையதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொருந்தாத மருந்தைப் பெரும்பாலும் உடலே காட்டிக்கொடுத்துவிடும். பொருந்தாத விளக்கம் மாணவர் மனத்தில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கிவிடும். அதைத் தேடிக் கண்டுபிடித்தாலன்றித் தெரியாது.

ஆறு நிமிடப் பாடம்

பள்ளிக்கு அனுப்புமுன் கல்லூரியிலேயே ஒரு வெள்ளோட்டம் நடைபெறும். அதற்கு நுண்நிலைக் கற்பித்தல் என்று பெயர். 1963 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதனை உருவாக்கினர். வினாக் கேட்டல், எடுத்துக்காட்டுகளால் விளக்குதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் போன்ற திறன்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறு குழுவிற்குச் சில நிமிடங்கள் கற்பிப்பதே இம்முறை. இந்தியச் சூழலுக்கேற்ப வகுக்கப்பட்ட சுழற்சி 36 நிமிடங்கள் கொண்டது. கற்பிக்க 6 நிமிடம், குறைநிறை கேட்க 6 நிமிடம், பாடத்தைத் திருத்தியமைக்க 12 நிமிடம், மீண்டும் கற்பிக்க 6 நிமிடம், மீண்டும் குறைநிறை கேட்க 6 நிமிடம். கற்பிப்பதற்கு ஒதுக்கிய நேரத்தைப்போல் இருமடங்கு, திருத்தி எண்ணுவதற்கு ஒதுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. இங்கே மாணவராக அமர்பவர்கள் உடன் பயிலும் நண்பர்களே. ஏழாம் வகுப்பு மாணவராக நடிக்கும் பட்டதாரி, வினா முடியும் முன்பே சரியான விடையைச் சொல்லி நண்பரைக் காப்பாற்றிவிடுவார். உண்மையான ஏழாம் வகுப்பு அத்தகைய இரக்கம் காட்டாது.

குறிப்பேட்டின் முதல் பக்கங்கள்

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மாணவ ஆசிரியர் தம் கற்பித்தலைப் பற்றித் தாமே எழுத வேண்டும். இதனைச் சிந்தனைக் குறிப்பு என்பர். முதல் வாரங்களின் குறிப்புகள் பெரும்பாலும் எழுதுபவரைப் பற்றியே இருக்கும். குரல் கடைசி வரிசை வரை கேட்டதா? கரும்பலகையில் எழுத்து கீழ்நோக்கிச் சரிந்ததா? மணி அடிக்கும் முன் பாடம் முடிந்ததா? வழிகாட்டி ஆசிரியரின் முகத்தில் நிறைவு தெரிந்ததா? இவற்றில் மாணவர் எங்கே என்று கேட்கத் தோன்றும். அவ்வாறு கேட்பது எளிது. நாற்பது இணைக் கண்களின் முன் முதன்முதலாக நிற்பது எளிதன்று. ஆசிரியப் பயிற்சி பெறுவோரின் கவலைகளை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர், தொடக்கத்தில் அவர்களின் எண்ணம் தம்மைச் சுற்றியே அமைகிறது என்றும், பிற்பாடே அது மாணவரின் கற்றலை நோக்கித் திரும்புகிறது என்றும் 1969 இல் எழுதினார். ஆகவே அப்பக்கங்களைக் கண்டு நாண வேண்டியதில்லை. இருபது வாரமும் அப்பக்கங்களாகவே நீண்டால்தான் கவலைப்பட வேண்டும்.

'இந்தியா' என்னும் சொல்

அத்திருப்பம் எவ்வாறு நிகழ்கிறது? ஒன்பதாம் வகுப்பில் ஆகுபெயர் நடத்தும் மாணவ ஆசிரியை ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். ஒரு பொருளின் பெயர் அப்பொருளைக் குறிக்காமல், அதனோடு தொடர்புடைய வேறொன்றிற்கு ஆகிவருவது ஆகுபெயர் என்று அவர் விளக்குகிறார். 'இந்தியா வென்றது' என்று கரும்பலகையில் எழுதுகிறார். இந்தியா என்னும் இடப்பெயர் இங்கே நிலத்தைக் குறிக்கவில்லை, நாட்டின் சார்பில் ஆடியவர்களைக் குறிக்கிறது. எனவே இது இடவாகுபெயர் என்கிறார். வகுப்பு கேட்கிறது, எழுதிக்கொள்கிறது, இலக்கணத்தைக் கேட்டால் ஒரே குரலில் ஒப்பிக்கிறது. அன்றைய குறிப்பேட்டில், 'பாடம் சிறப்பாக நடந்தது. மாணவர் ஆர்வத்துடன் விடையளித்தனர்' என்னும் வரிகள் ஏறுகின்றன.

வழிகாட்டி ஆசிரியர் அவ்வரிகளைப் படிக்கிறார்; மறுத்து ஒன்றும் கூறவில்லை. மறுநாள் ஐந்து தொடர்களைக் கொடுத்து, அவற்றுள் ஆகுபெயர்களை அடிக்கோடிடச் சொல்லுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறார். அத்தொடர்களுள் ஒன்று, 'இந்தியா பரந்த நாடு'. மற்றொன்று, 'ஊர் சிரித்தது'. மாலையில் ஏடுகளைத் திருத்துகையில், பலர் 'இந்தியா பரந்த நாடு' என்பதிலும் இந்தியாவை அடிக்கோடிட்டிருப்பது தெரியவருகிறது. 'ஊர் சிரித்தது' என்பதைப் பலர் தொடவேயில்லை.

சிவப்பு மையால் சுழித்து, 'கவனக்குறைவு' என்று எழுதிவிடலாம். அவ்வாறு எழுதுவோரும் உண்டு. ஆனால், ஒரே தவற்றைப் பலர் ஒரே விதமாகச் செய்யும்போது அதைக் கவனக்குறைவு என்பது பொருந்தாது. அவர்கள் கவனமாகவே கேட்டிருக்கின்றனர். 'இந்தியா' என்னும் சொல்லே ஆகுபெயர் என்று கவனமாகப் புரிந்துகொண்டிருக்கின்றனர். ஆகுபெயர் என்பது சொல்லோடு பிறந்த குணமன்று, தொடரில் அச்சொல் பெறும் பொருளைப் பொறுத்தது என்னும் செய்தி அவர்களைச் சென்றடையவில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் காட்டிய பாடம், அதற்கு எதிரான மற்றொன்றைக் காட்டவில்லை. அன்றைய குறிப்பு வேறுவிதமாக அமைகிறது: 'இந்தியா என்னும் சொல் வருமிடமெல்லாம் ஆகுபெயர் என்று எண்ணுகின்றனர். நான் காட்டியது அதை மட்டுமே. நாளை இரண்டு தொடர்களையும் அருகருகே எழுத வேண்டும்.'

இரு குறிப்புகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். முதலாவது தீர்ப்பு, அதைக்கொண்டு மறுநாள் எதுவும் செய்ய இயலாது. இரண்டாவதில் மாணவர் என்ன எண்ணுகின்றனர் என்பது இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, மறுநாள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பணியாற்றும்போதே எண்ணுவது, பணி முடிந்தபின் எண்ணுவது எனச் சிந்தனையை இருவகையாகப் பிரித்து, தொழில்வல்லார் இவ்விரண்டாலும் வளர்கின்றனர் என்று டொனால்டு ஷோன் 1983 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஏடு திருத்தும்போது நிகழ்ந்தது பின்னது. முன்னது மறுநாள் வகுப்பில் தேவைப்படும்.

மூன்று நொடி

மறுநாள் இரு தொடர்களும் அருகருகே எழுதப்படுகின்றன. 'வென்றது யார்? பரந்திருப்பது எது?' என்று ஆசிரியை வினவுகிறார். வகுப்பில் அமைதி நிலவுகிறது. புதிதாகக் கற்பிப்பவர்க்கு அமைதியைவிடக் கடினமானது வேறில்லை. விடையைத் தாமே சொல்லிவிட நா துடிக்கும். அல்லது எப்போதும் கை உயர்த்தும் முதல் வரிசை மாணவியின் பக்கம் கண் செல்லும்.

அமெரிக்க வகுப்பறைகளில் அறிவியல் பாடம் நடைபெறுவதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்னும் கல்வியாளர், வினாக் கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்று கண்டார். அதனை மூன்று நொடியாக நீட்டித்தபோது மாணவரின் விடைகள் நீண்டன. விடையற்ற மௌனங்கள் குறைந்தன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினர். மாணவரே வினாக் கேட்பதும் மிகுந்தது. 1970களில் வெளிவந்த இம்முடிவு பெரும் கருவியோ பொருட்செலவோ வேண்டாதது. ஆயினும் கடைப்பிடிப்பது கடினம். அமைதியான மூன்று நொடி கரும்பலகையின் முன் நிற்பவருக்கு முப்பது நொடியாகத் தோன்றும்.

காத்திருந்ததன் பயனாக, இதுவரை வாய்திறவாத மாணவன் ஒருவன் எழுந்து, விடைக்கு மாறாக ஒரு வினாவைக் கேட்கிறான்: "பேருந்து வந்துவிட்டது என்கிறோமே, அதுவும் ஆகுபெயரா டீச்சர்? ஓட்டுநர்தானே அதைக் கொண்டுவருகிறார்?" பாடக்குறிப்பில் இவ்வினாவுக்கு இடமில்லை. 'அது வேறு' என்று அமர்த்திவிட்டால் மணி அடிக்கும் முன் பாடம் முடியும். ஆசிரியை வினாவைக் கரும்பலகையில் எழுதி வகுப்பிடமே விடுகிறார். உரையாடலின் முடிவில் ஒரு தெளிவு பிறக்கிறது: ஓட்டுநர் ஓட்டினாலும் வந்து நிற்பது பேருந்தே, அப்பெயர் வேறொன்றிற்கு ஆகிவரவில்லை, ஆகவே ஆகுபெயர் இல்லை. அன்று பாடம் முடியவில்லை. 'ஊர் சிரித்தது' என்னும் தொடரை வகுப்பு தானே கண்டுபிடித்துவிட்டது.

நன்னூல் காட்டும் ஆசிரியர்

கற்பித்தலைப் பற்றிய இத்தகைய எண்ணங்கள் தமிழுக்குப் புதியன அல்ல. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணவர், கற்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே பேசுகிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியன நல்லாசிரியருக்கு உவமைகள். இவை பலரும் அறிந்தவை. ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறப்பட்ட உவமைகளை அவ்வளவாக எவரும் நினைவுகொள்வதில்லை. பயில்பவர்க்குப் பயன்படுபவை அவையே. கழற்சிக்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட வரிசையில் வெளிவருவதில்லை. கற்ற முறை பிறழக் கற்பிப்பவர் அதற்கு ஒப்பாவார். பஞ்சு அடைத்த குடுக்கையிலிருந்து சிறிது சிறிதாகவே பஞ்சை எடுக்க முடியும்; கற்றதை எடுத்துரைக்கத் தடுமாறுபவர் அதற்கு ஒப்பாவார். முதல் வார மாணவ ஆசிரியர் ஒரே வகுப்பில் குடமாகவும் குடுக்கையாகவும் இருப்பதுண்டு. கேட்பவர் எவ்வாறு ஏற்றுக்கொள்வார் என்பதை அறிந்து, சினமும் விரைவும் இன்றிக் கற்பிக்க வேண்டும் என்பதும் நன்னூலின் நெறி.

மாணவர் பற்றிய பகுதியில் அந்நூல் ஒரு கணக்கும் சொல்கிறது. ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால்பங்கே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும். ஆகுபெயரை மாணவ ஆசிரியை பள்ளியில் ஒருமுறை, பட்டப்படிப்பில் ஒருமுறை கற்றிருப்பார். பேருந்து பற்றிய வினாவிற்குப் பின்னரே அவருக்கு அவ்வரைப்பங்கு கிட்டியது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு முன்வராததால், எழுத்துகளைக் கற்பிக்கும் பணியை மாணவன் ஒருவனிடமே ஒப்படைத்தார். மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் அம்முறையைப் பற்றி 1797 இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833 இல் திறக்கப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது.

ஒப்படைப்பு

பயிற்சிக் காலம் முடியும் நாளில் விடைபெறும் விழா நடைபெறுவதுண்டு. மாணவர் வாழ்த்து அட்டைகள் தருவர், ஒளிப்படம் எடுத்துக்கொள்வர். அவற்றைவிட இன்றியமையாத செயல் ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அவ்வகுப்பு மீண்டும் வழிகாட்டி ஆசிரியரின் கைக்கு வருகிறது. எப்பகுதி ஊன்றியிருக்கிறது, எப்பகுதி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். மதிப்பெண்ணுக்காகக் கல்லூரியில் ஒப்படைக்கும் குறிப்பேட்டில் குறைகளை எழுத மாணவ ஆசிரியர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர் அவரல்லர். முழுஆண்டுத் தேர்வை எழுதப்போகும் வகுப்பு.

எனவே, தேர்ந்த வழிகாட்டி ஆசிரியர்கள் கல்லூரிக் குறிப்பேட்டைத் தவிரத் தனியே ஒரு தாள் கேட்டுப் பெறுவர். அதற்கு மதிப்பெண் கிடையாது. மேற்சொன்ன ஆசிரியை அத்தகைய தாளில் எழுதக்கூடியவை மூன்று நான்கு வரிகளே: இடவாகுபெயர் தெளிவாகிவிட்டது. சினையாகுபெயரை விரைந்து நடத்த நேர்ந்தது. மீண்டும் தொடங்க வேண்டும். மூன்றாம் வரிசையில் இருவர் ஏட்டில் சரியாக எழுதுகின்றனர், வாயால் சொல்லத் தயங்குகின்றனர். பேருந்தைப் பற்றிக் கேட்ட மாணவனிடம் வினாக் கேட்டால் சற்றுக் காத்திருக்க வேண்டும்.