காதில் விழுகிறது, திரையில் வரவில்லை

கேள்வி: புதிதாக ஹாம் உரிமம் வாங்கியிருக்கிறேன். 5 வாட் ஹேண்டி ஒன்றை யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு வழியாக லேப்டாப்புடன் இணைத்து, ‘டையர் வுல்ஃப்’ மென்பொருளை பாக்கெட் ரேடியோ மோடமாகப் பயன்படுத்துகிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் கடந்து போகும்போது 145.825 மெகாஹெர்ட்ஸில் பாக்கெட் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஒன்றிரண்டுதான் திரையில் எழுத்தாக வருகின்றன. நான் அனுப்புவதை நிலையம் திருப்பி அனுப்புவதே இல்லை. சக்தி கூடிய ரேடியோ வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால் சிக்னல் வந்து சேர்ந்துவிட்டது. கோளாறு பெரும்பாலும் ரேடியோவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில்தான் இருக்கும்.

பேச்சில் இரண்டு சொல் விட்டுப்போனாலும் மீதியை வைத்துப் புரிந்துகொள்வோம். பாக்கெட்டில் அது நடக்காது. ஏ.எக்ஸ்.25 நெறிமுறைப்படி ஒவ்வொரு பாக்கெட்டின் முடிவிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. ஒரு பிட் பிசகினாலும் பொதுவாக முழு பாக்கெட்டும் கழிக்கப்படும். எனவே ஒலியின் அளவும் நேரமும் துல்லியமாக இருக்க வேண்டும்.

முதலில் வாங்கும் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்க்வெல்ச்சை முழுவதும் திறந்துவிடுங்கள். அது திறக்க எடுக்கும் நேரத்தில் பாக்கெட்டின் தலைப்பகுதி போய்விடுகிறது. ஹேண்டியின் பேட்டரி சேமிப்பு வசதியையும் இதே காரணத்துக்காக அணைத்துவிடுங்கள். அலைவரிசை அகலம் ‘நேரோ’வில் இருந்தால் ‘வைடு’க்கு மாற்றுங்கள். நிலையத்தின் வேகத்தால் டாப்ளர் விளைவு ஏற்பட்டு, அலைவரிசை ஏறத்தாழ 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும். அகலம் இருந்தால்தான் அதைத் தாங்கும்.

அடுத்தது ஒலி அளவு. இந்த வகை பாக்கெட் 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுரங்களால் ஆனது. அளவு மிகுந்தால் அலையின் முகடு வெட்டுப்பட்டு, மோடம் சுரங்களைப் பிரித்தறியத் தடுமாறும். வாங்கிய ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ‘ஆடியோ லெவல்’ என்று ஓர் எண் திரையில் வரும். அது 50-ஐ ஒட்டி நிற்கும்படி ஹேண்டியின் வால்யூமையும் சவுண்ட் கார்டின் உள்ளீட்டையும் மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பில் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு, இரைச்சல் நீக்கம் இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

வாங்குவது சீரான பிறகு அனுப்பும் பக்கம் வாருங்கள். இன்னொரு ரேடியோவில் உங்கள் சிக்னலைக் கேட்டுக்கொண்டே சவுண்ட் கார்டின் வெளியீட்டைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் அதிகரிக்காது. அங்கிருந்து பாதியளவுக்கு இறக்குங்கள். சோதனைக்கு யாரும் பேசாத அலைவரிசையையும் குறைந்த சக்தியையும் பயன்படுத்துங்கள். கணினியின் அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் வானில் ஏறும்.

பிறகு ‘டி.எக்ஸ். டிலே’. பி.டி.டி. (அனுப்பும் பொத்தான்) அழுந்தியபின் தகவல் கிளம்பும்வரை உள்ள இடைவெளி இது. ஓர் அலகு 10 மில்லிசெகண்டு. 30 என்றால் 300 மில்லிசெகண்டு. 50-இல் தொடங்கி, எதிர்முனையில் பாக்கெட் தவறாமல் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை படிப்படியாகக் குறையுங்கள்.

ஒலி வந்ததும் ரேடியோ தானே அனுப்பத் தொடங்கும் வாக்ஸ் முறையில் நீங்கள் அனுப்புகிறீர்கள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். வாக்ஸ் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். நிலையம் உங்கள் பாக்கெட்டை உடனே திருப்பி அனுப்பும் வேளையிலும் உங்கள் ஹேண்டி அனுப்பும் நிலையிலேயே இருந்தால், பதில் வந்தும் கேட்காது. சீரியல் போர்ட் வழியாகவோ, சவுண்ட் கார்டில் சி.எம்.108 வகைச் சிப் இருந்தால் அதன் வழியாகவோ பி.டி.டி.யை இயக்குங்கள்.

கடைசியாக முகவரி. ‘மைகால்’ இடத்தில் உங்கள் அழைப்புக்குறி இருக்கட்டும், பாதையில் ஏ.ஆர்.ஐ.எஸ்.எஸ். என்ற எழுத்துகளை மட்டும் கொடுங்கள். தரையில் பழகிய ‘வைடு’ பாதைகள் இங்கே உதவாது. நிலையத்தின் கருவி சில நாட்களில் வேறு பணிக்கு மாற்றப்பட்டிருக்கும் என்பதால், அனுப்பும் முன் மற்றவர்களின் பாக்கெட்டுகள் திரும்பி வருகின்றனவா என்று கவனியுங்கள்.

ஹேண்டியின் ரப்பர் ஆன்டெனாவுக்குப் பதில் கையில் பிடிக்கும் சிறு யாகி இருந்தால் பெரிய பலன் தெரியும். புது ரேடியோவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும். ஆனால் தானியங்கி பீக்கனைச் சில விநாடிக்கு ஒருமுறை அனுப்பும்படி அமைக்காதீர்கள். 400 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து நிலையம் பல நாடுகளின் ஹாம்களை ஒரே அலைவரிசையில் கேட்கிறது. இரண்டு பாக்கெட்டுகள் மோதினால் பெரும்பாலும் இரண்டுமே வீண். சுமார் பத்து நிமிடமே நீடிக்கும் ஒரு கடப்பில் ஓரிரு முறை, சேனல் ஓய்ந்திருக்கும்போது கையால் அனுப்புங்கள். உங்களுக்கும் வாய்ப்புக் கூடும், மற்றவர்களுக்கும் வழி கிடைக்கும்.