மாரியை வைத்துக் கணக்குப் போடு

பேத்தாழை,
வாழைச்சேனை.

அன்புள்ள மருமகனுக்கு,

நீ எழுதி அனுப்பிய வரவு செலவுக் கணக்கு கிடைத்தது. பாசிக்குடா ஹோட்டலில் சமையல் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். 1990இல் உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்த ஊரை விட்டுப் போனவள் உன் அம்மா. நீ குடும்பத்தோடு திரும்பி வரப்போகிறாய் என்று கேட்ட நாளிலிருந்து மாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் உன் கணக்கில் எனக்குச் சம்மதமில்லை. கூட்டுறவுக் கடையில் விலைப்பலகை எழுதியே தலை நரைத்தவன் நான். ஒரு குடும்பத்தின் சாமான் துண்டைப் பார்த்தால் அந்த வீட்டில் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். உன் தாளைப் பார்த்தபோதும் அப்படித்தான் தெரிந்தது.

வெள்ளவத்தையில் நீ செய்யும் செலவை எடுத்து, ஏறக்குறைய பாதியைக் கழித்து, அதுதான் இங்கே ஆகும் என்று போட்டிருக்கிறாய். ஊர்ப்பக்கம் மலிவு என்ற நினைப்பு. வாழைச்சேனையில் ஓரளவு மலிவு, அதை ஒத்துக்கொள்கிறேன். பாசிக்குடா மலிவில்லை. இரண்டுக்கும் இடையில் ஐந்து கிலோமீற்றர் வரும். அந்த ஐந்து கிலோமீற்றருக்குள் ஒரு இளநீரின் விலை எத்தனை தரம் மாறுகிறது என்று நடந்தே பார்க்கலாம். கடற்கரையில் விலை கேட்கிறவன் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவன். அவனுக்காகப் போட்ட விலை அது. பக்கத்தில் குடியிருப்பவனுக்கென்று தனி விலை எழுதி வைக்க மாட்டார்கள்.

மீனையே எடு. கடலோரத்தில் மீன் சும்மா கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். அது ஐஸ் லொறி வருவதற்கு முந்திய காலத்துக் கதை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாள் படகுகள் இறக்கும் சூரையும் பாரையும் அன்றே பேலியகொடை மீன்சந்தைக்கு ஏறிவிடுகின்றன. கொழும்பு விலை விடியற்காலையிலேயே எல்லார் கைபேசிக்கும் வந்துவிடும், துறைமுகத்தில் ஏலம் கூறுவதும் அந்த விலையை வைத்துத்தான். சிங்கி இறாலையும் நல்ல விளைமீனையும் ஹோட்டல்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்குவார்கள். நீயே நாளைக்கு அடுப்படியில் நின்று அதைத்தான் பொரிப்பாய். எங்களுக்கு மிஞ்சுவது களப்பு மீன். தோணி கரைசேரும் நேரத்துக்குப் போய் மணலை, ஒட்டி, கெளுத்தி என்று கோர்வையாக வாங்கலாம். அதுவும் காலையில் போகிறவனுக்குத்தான். பதினொரு மணிக்கு ஓட்டோவில் வந்து விற்கிறவரிடம் வாங்கினால் ஓட்டோக் கூலியும் மீனோடு சேர்ந்துதான் வரும்.

இனிச் சம்பளம். உன் கணக்கில் பெரிய பிழை இதில்தான் இருக்கிறது, கோபிக்காதே. அவர்கள் சொன்ன தொகையைப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறாய். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டாயா? நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரி முதல் 30,000. சில இடங்களில் அடிப்படைச் சம்பளம் அதை ஒட்டித்தான் நிற்கும், மிச்சமெல்லாம் பில்லில் போடும் 10 வீதத்தைப் பிரித்துக் கொடுப்பதில் வருவது. அறை நிறைந்த ஓகஸ்டில் அந்தப் பங்கு சம்பளத்தையே எட்டிப்பிடிக்கும். நவம்பரில் வாடைக்காற்று எழும்பிக் கடல் கலங்கி மழை பிடித்தால் ஹோட்டலில் ஆளிருக்காது, பங்கும் இருக்காது. எங்கள் சீசன் ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பரோடு சரி. மிஞ்சிய மாதங்களில் சனி ஞாயிறுக்கும் போயா லீவுக்கும் வருகிற உள்ளூர்க்காரரை வைத்துத்தான் ஓட்டம். வீட்டு வாடகைக்கும் கறன்ட் பில்லுக்கும் சீசன் கிடையாது.

ஹோட்டல்காரரிடம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேள்: போன நவம்பர், டிசம்பர், ஜனவரியில் உன் தரத்து ஊழியருக்கு சேர்விஸ் சார்ஜாகக் கையில் எவ்வளவு கொடுத்தீர்கள்? அவர்கள் சொல்வதோடு விடாதே. அங்கே இரண்டு மாரி கண்ட ஒருவரைப் பிடித்து அவரிடமும் கேள். அந்த மூன்று மாத வருமானத்துக்குள் வீட்டுச் செலவை அடக்க முடியுமென்றால் நீ தாராளமாக வரலாம். சேமலாப நிதிக்கு உன்னிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும் போவது அடிப்படைச் சம்பளத்தில் என்பதையும் மறவாதே. மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் அடிப்படை சின்னதாக இருந்தால் வயதான காலத்துக்குச் சேருவதும் சின்னதுதான்.

தனிக்கட்டைகளாக இருக்கும் பொடியன்களுக்கு இதில் கஷ்டமில்லை. இங்கே கடல் கலங்கும்போது ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம் கடல் தெளியும். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உனக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. உன்னால் அப்படி ஓட முடியாது.

இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. இந்த ஊர் பட்டது எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்து 2011இல் பாசிக்குடாவில் புது ஹோட்டல்கள் திறக்கத் தொடங்கியபோது இங்குள்ளவர்களுக்கு எத்தனை நம்பிக்கை! 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள். அந்தத் தைரியத்தில் எங்கள் பொடியன்கள் லீசிங்கில் ஓட்டோ எடுத்தார்கள், படகு எடுத்தார்கள், வீட்டோடு ஒட்டி அறை கட்டினார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. எங்கள் சீசன் தொடங்குகிற நேரம் அது. அடுத்த வருடம் கொரோனா. 2021இல் முழு நாட்டுக்கும் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது, அதுவும் வரிசையில் நின்றால்தான். தொடர்ந்து நான்கு சீசன் இப்படிப் போனால் லீசிங் எடுத்தவன் என்ன செய்வான்? வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மத்திய கிழக்குக்கு விமானம் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஒழுங்கையிலேயே எண்ணலாம்.

அந்த 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டதென்று செய்தியில் சொன்னார்கள். இறங்கியது விலை ஏறுகிற வேகம். கேஸ் போல ஒன்றிரண்டு குறைந்ததே தவிர, ஏறிய சாமான்களில் பெரும்பாலானவை பழைய விலைக்குத் திரும்பவில்லை. தேங்காய் 2025 தொடக்கத்தில் 200 ரூபாயைத் தாண்டியது. பால் விடாமல் கறி வைக்கத் தெரியாத எங்கள் வீடுகளில் அது எப்படி இடித்தது என்று மாமியைக் கேட்டால் சொல்வாள். ஹோட்டல் அறையை டொலரில் விற்பார்கள். உன் சம்பளம் ரூபாயில்தான் வரும், தேங்காயையும் அந்த ரூபாயில்தான் வாங்க வேண்டும்.

வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும், ஏனென்றால் கொழும்பில் வளர்ந்த உனக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மூத்தவளுக்குக் கல்யாணமென்றால் இருக்கிற வீட்டையே சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவுக்குள் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். வீடு என்பது மகளுக்காகக் கட்டுவது, வாடகைக்கு விடுவதற்கல்ல. ஆகவே வாடகை வீடு இங்கே எப்போதும் குறைவு. மாற்றலாகி வருகிற ஆசிரியருக்கோ வங்கி உத்தியோகத்தருக்கோ அறிமுகத்தின்பேரில் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இப்போது கல்குடாப் பக்கம் அதுவும் போய்விட்டது. இரவுக் கணக்கில் அறை விடத் தெரிந்தவன் மாதக் கணக்கில் உனக்கு ஏன் விடப்போகிறான்? இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் 10,000க்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளின் அனுமதியை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்த நகர மேயர் 2024இல் அறிவித்தார். அங்கே குடியிருக்க வீடில்லாமல் சனம் தெருவுக்கு இறங்கியது. இங்கே தெருவுக்கு இறங்க ஆளில்லை, நாம்தான் பார்த்து நடக்க வேண்டும்.

ஒக்டோபரில் மலிவாக ஒரு வீடு தருவார்கள். ஏப்ரல் பிறந்ததும் "தம்பி, மகள் வருகிறாள், வீடு வேண்டும்" என்பார்கள். வாய்ப்பேச்சில் எடுக்காதே. இரண்டு வருட ஒப்பந்தம் எழுதிக் கையொப்பம் வாங்கு. முற்பணம் ஆறு மாதம் கேட்பார்கள், ஒரு வருடமும் கேட்பார்கள். அந்தப் பணத்தை உன் கணக்கில் காணவேயில்லை. வீட்டைப் பார்க்கும்போது கிணற்றில் அள்ளிக் குடித்துப் பார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையோரக் கிணறுகள் சிலவற்றில் உவர் ஏறும், பிறகு குடிதண்ணீரையும் காசுக்கு வாங்க வேண்டிவரும். 2011 ஜனவரி வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்காதே, அடுத்த வீட்டாரைக் கேள். என் எண்ணம், பேத்தாழைக்கும் வாழைச்சேனைச் சந்தைக்கும் இடையில் எங்காவது இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். ஆதார வைத்தியசாலையும் கிட்ட, பள்ளிக்கூடமும் கிட்ட. பிள்ளையை இந்துக் கல்லூரியிலோ விபுலானந்தாவிலோ சேர்க்கலாம், அந்தச் செலவில் நீ கொழும்பைவிட மிச்சம் பிடிப்பாய்.

மிச்சம் பிடிக்க இன்னொரு இடம் அரிசி. சுப்பர்மார்க்கெட் பையில் ஐந்து கிலோ வாங்குகிற பழக்கத்தை வெள்ளவத்தையிலேயே விட்டுவிட்டு வா. மாசி பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டி முடியும்போது கிரான் பக்கத்திலிருந்து நெல் மூடை வரும். எனக்குத் தெரிந்த விவசாயி இருக்கிறார், களத்தில் வைத்தே வாங்கலாம். கையில் அள்ளி உமியைக் கசக்கிப் பார்த்து, பல்லில் கடித்து, 'டக்' என்று உடைந்தால்தான் காய்ந்த நெல். ஈர நெல்லை வாங்கிக் கட்டி வைத்தால் வைகாசிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வேண்டியதை அவ்வப்போது அவித்துக் காயவைத்து மில்லில் குற்றிக்கொண்டால் வருடத்தில் பாதிக்கு அரிசிக் கவலையில்லை. தயிரும் இறைச்சியும் துணிமணியும் வாங்க ஓட்டமாவடிக்குப் போ, பாலத்தைக் கடந்தால் அதுதான் எங்களுக்கு வாய்த்த பெரிய கடைத்தெரு. வெக்கைக்கு ஏசி போடும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடு. 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று மின்கட்டணம் ஏறிய பிறகு ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறது. வேப்பமரம் நிற்கிற வளவாகப் பார்த்து எடு.

உன் மனைவிக்கு ஒரு வார்த்தை, நீ வாசித்துக் காட்டு. பிள்ளை, நீ புதுசாக வந்து இருக்கும்போது நுண்கடன்காரர் வாசலுக்கே வருவார்கள். அடமானம் வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாகக் கையொப்பம் வைத்தால் போதும் என்பார்கள். வாராவாரம் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுத்துக் குடும்பத்தோடு நொந்துபோன பெண்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே திட்டம் கொண்டுவர வேண்டிவந்தது என்றால் நிலைமையை யோசித்துப் பார். மாரியில் கை இறுகினால் மாமியிடம் கேள். கேட்பதற்கு வெட்கப்படாதே.

காணித் தரகரும் உன்னைத் தேடி வருவார்கள். கொழும்புப் பேச்சுக் கேட்டால் காசிருக்கிறதென்று நினைப்பு. இங்கே நிறையக் காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. கடலோரமென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பத்திரத்தைக் கோறளைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் காட்டாமல் ஒரு சதமும் கொடுக்காதே. முதல் மூன்று வருடம் காணிப் பேச்சையே எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

நான் சொல்வது இதுதான். ஏப்ரலில் நீ தனியாக வா. எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, மாமி சோறு போடுவாள், வாடகைப் பேச்சு எடுத்தால் கோபிப்பாள். செப்டெம்பர் வரை வருகிற சேர்விஸ் சார்ஜில் கைவைக்காமல் வங்கியில் போடு, முற்பணம் அதில் வந்துவிடும். மனைவியையும் பிள்ளையையும் டிசம்பர் லீவுக்கு உதயதேவி ரயிலில் கூட்டி வா. கல்குடாவரை போகாமல் வாழைச்சேனை ஸ்டேஷனிலேயே இறங்குங்கள். கொட்டுகிற மழைக்குள் எல்லாருமாக வீடு பார்ப்போம். ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, உன் சம்பளத் துண்டில் அந்த மாதம் எவ்வளவு நிற்கிறது என்று இரண்டையும் உன் மனைவி கண்ணால் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் சம்மதமென்றால் ஜனவரியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். அதுவரை யார் வந்து அவசரப்படுத்தினாலும் ஒரு வீட்டுக்கும் முற்பணம் கட்டிவிடாதே.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா