மில் மோட்டரும் நம் உயிரும்

இடம்பெயர்ந்து வந்த நம்மவர் பலர் நெல் மில்களில் கூலிக்கு நிற்கிறார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டர் நின்றுவிடும். மின்சாரமும் நின்றுவிட்டதென நினைக்கிறோம். இது ஆபத்தான நினைப்பு. ஸ்டாட்டர் பெட்டிக்குள் வந்து சேரும் மூன்று வயர்களுக்கிடையே 400 வோல்ற் மின்சாரம் அப்போதும் இருக்கும்.

பெட்டிக்குள் தவிட்டுத் தூசு படியும். அதிர்வினால் திருகாணிகள் தளரும். தளர்ந்த இணைப்பு சூடேறிக் கருகும். அறுவடை நேரத்தில் மில் நின்றுபோனால் நமது நாட்கூலியும் நின்றுபோகும். எனவே ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பெட்டியைப் பராமரிக்க வேண்டும். அதைத் திறப்பது மின்வேலை பழகியவரின் பொறுப்பு. ஒழுங்கு தவறாமல் நடக்கிறதா என்று பார்ப்பது நம் எல்லோரதும் பொறுப்பு.

1. மெயின் சுவிச்சை நிறுத்திப் பூட்ட வேண்டும். திறப்பு வேலை செய்பவரின் சட்டைப்பையிலேயே இருக்கவேண்டும்.

2. சோதிக்கும் கருவியை முதலில் மின்சாரமுள்ள இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பின்பு ஒவ்வொரு வயரையும் சோதிக்க வேண்டும். முடிவில் கருவியை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

3. உலர்ந்த தூரிகையால் தூசை அகற்ற வேண்டும். ஈரத்துணியோ மண்ணெண்ணெயோ கூடாது.

4. தளர்ந்த திருகாணிகளை இறுக்க வேண்டும். கருகிய வயரை மாற்ற வேண்டும்.

மோட்டர் தானாகவே அடிக்கடி நின்றால் திரும்பத் திரும்ப அழுத்தி ஓட்ட வேண்டாம். சுமை கூடிவிட்டது அல்லது வேறு பழுது உண்டு என்பதன் அறிவிப்பு அது. பியூசில் தடித்த கம்பி போடுவதும் தீயை அழைப்பதாகும்.

யார் அவசரப்படுத்தினாலும், பெட்டி திறக்குமுன் ஒன்றைக் கேட்போம்: “திறப்பு யாரிடம்?” அக்கேள்வி ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைக் காப்பாற்றும்.