காலில் மாவுக்கட்டு: வீட்டு வேலையை யார் பார்ப்பது?



சேமிப்பு, உள்கடன், தவணை, தீர்மானம் என்று கூட்டத்தில் நிறையப் பேசுகிறோம். நம் உடம்பைப் பற்றிப் பேசுவது மட்டும் குறைவாகவே இருக்கிறது. இந்த மாதப் பாடம், கால் எலும்பு முறிந்தவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்ததும், எங்கள் குழுவில் நடந்ததும் சேர்ந்து இதை எழுதியிருக்கிறோம். நாங்கள் செய்த தவறும் இதில் இருக்கிறது. அதை மறைக்காமல் சொன்னால்தான் மற்றக் குழுக்களுக்கு உதவும்.

நடந்தது என்ன?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பது ஸ்ரீரங்கம் தீவு. அதில் மேலூர் பக்கம் எங்களில் பலருக்கு வாழைத்தோட்டத்து வேலைதான் பிழைப்பு. எங்கள் குழு அக்கா ஒருவர் இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வரும்போது வழுக்கி வாய்க்காலில் விழுந்தார். "ஒண்ணும் இல்லடி, சுளுக்குத்தான்" என்று எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே வீங்கிப்போனது.

எக்ஸ்ரே எடுத்ததில் கீழ்க்கால் எலும்பில் முறிவு தெரிந்தது. எலும்பு விலகவில்லை. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு, "ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் வீட்டில் மாமியாருக்குக் கண் தெரியாது. பையன் பள்ளிக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் விடிகாலையில் லோடு ஏற்றப் போய்விடுவார். நாங்கள் ஒரு நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். அடுத்த வாரம், "தவணை எப்ப தருவீங்க அக்கா?" என்று ஆள் விட்டும் கேட்டோம்.

இருபதாம் நாள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முழு பாரமும் அந்தக் காலில் இறங்கியது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு விலகியிருந்தது. அறுவை செய்து கம்பி வைக்க வேண்டியதாயிற்று. ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது.

டாக்டர் சொன்னது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. சோறு வடிக்க வேறு ஆள் இல்லை. அந்த இடத்தில் நாங்கள் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது

1. எழுப்பி நடக்கவைத்துப் பார்க்கக் கூடாது. இழுத்துவிடுவது, எண்ணெய் போட்டு நீவுவது கூடவே கூடாது.
2. கால் எப்படி இருக்கிறதோ அப்படியே பலகையோ கெட்டி அட்டையோ வைத்து, துணியால் முறிவுக்கு மேலும் கீழும் கட்டுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.
3. காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள், மண் எதுவும் வைக்காதீர்கள்.
4. 108-க்குப் போன் செய்யுங்கள். இந்த ஆம்புலன்ஸ் சேவை நம் மாநிலத்தில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது.
5. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். அதனால் வழியில் காப்பி, சோடா கொடுக்க வேண்டாம்.

திருச்சியில் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை புத்தூரில் இருக்கிறது. "புத்தூர்க் கட்டு" என்று சொல்கிறார்களே, அந்தப் புத்தூர் வேறு. அது ஆந்திராவில், திருப்பதிப் பக்கம் இருக்கும் ஊர். நாட்டு வைத்தியக் கட்டில் நம்பிக்கை உள்ளவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் கட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். தோல் கிழிந்திருந்தாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ, விரல் மரத்திருந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

சுதா சந்திரன் கதை

காயத்தைச் சாதாரணமாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் திருச்சி சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. நடனக் கலைஞர் சுதா சந்திரனைப் பலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 1981 மே மாதம், அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, திருச்சிப் பக்கம் விபத்தில் சிக்கிக் காலில் அடிபட்டது. முதலில் உள்ளூரில் சிகிச்சை நடந்தது, பிறகு சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் வலது காலில் அழுகல் கண்டுவிட்டது. உயிரைக் காப்பாற்றக் காலை எடுக்க வேண்டி வந்தது.

அவர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பொருத்தி, வலியோடு வலியாகப் பழகி, 1984-ல் மறுபடி மேடை ஏறி ஆடினார். தன் வாழ்க்கைக் கதையான 'மயூரி' படத்தில் தானே நடித்தார். இதில் நமக்கு இரண்டு பாடம். காலில் ரத்த ஓட்டம் நின்றாலோ காயத்தில் சீழ் பிடித்தாலோ நாள் கடத்தக் கூடாது. எவ்வளவு பெரிய அடியானாலும், விடாமல் பயிற்சி செய்தால் எழுந்து நிற்க முடியும்.

எலும்பு எப்படிக் கூடுகிறது?

மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானாகவே ஒட்டுகிறது. அது அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் கட்டின் வேலை. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரத்தில் அங்கே மெத்தென்ற இணைப்பு உருவாகும். அதன் பிறகுதான் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும். நாற்று நட்ட வயல் மாதிரிதான் இது. வேர் பிடிக்கும் முன்னே அசைத்தால் எல்லாம் போச்சு. அக்கா அடுப்படிக்குப் போனது சரியாக அந்த நேரத்தில்.

கணுக்கால் முறிவு பெரும்பாலும் ஆறு வாரத்தில் கூடத் தொடங்கும். கீழ்க்கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதம் ஆகலாம், தொடை எலும்புக்கு அதற்கும் மேலே. குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், புகையிலை போடுபவர்களுக்கும் தாமதமாகும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், அதை விட இதுதான் நேரம்.

மாவுக்கட்டைப் பார்த்துக்கொள்வது

* கட்டு முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும். அதுவரை விரலால் அழுத்தாதீர்கள். கெட்டித் தரையில் வைக்காமல் தலையணையில் வையுங்கள்.
* முதல் சில நாட்கள் படுத்திருக்கும்போது கால், நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும். வீக்கம் வடியும்.
* தண்ணீர் படக் கூடாது. குளிக்கும்போது பாலிதீன் உறையைச் சுற்றி, காலை வெளியே நீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.
* அரிக்கிறதே என்று விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். உள்ளே புண்ணாகிச் சீழ் பிடித்தால் வெளியே தெரியாது.
* கால் விரல்களை மணிக்கு ஒரு முறையாவது ஆட்டுங்கள். டாக்டர் அனுமதித்தால் தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்துத் தளர்த்துங்கள். இப்படிப் பத்து முறை செய்யலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

மாத்திரை போட்டும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி. விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டோ போவது, மரத்துப்போவது, ஆட்ட முடியாமல் போவது. கட்டுக்குள்ளிருந்து கெட்ட நாற்றம், காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் "காலையில பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கெண்டைக்காலோ தொடையோ திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி காரணமாக இருக்கலாம். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் வந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாடு

"தினம் ஆட்டுக்கால் சூப் குடிச்சாத்தான் எலும்பு கூடும்" என்று கடன் வாங்கிச் செலவு செய்பவர்கள் உண்டு. சூப் பிடித்தால் குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, மோர், எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, தினம் ஒரு முட்டை, பருப்பு, கொள்ளு இவை போதும். காலை வெயிலில் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரவையுங்கள்.

ஒரு விஷயம் பெண்கள் வெளியே சொல்வதில்லை. கக்கூசுக்கு யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டுமே என்ற கூச்சத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அதனால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும். எங்கள் அக்காவுக்கும் வந்தது. பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே ஓட்டை போட்டு, கீழே வாளி வைத்துக் கொடுத்தோம். கால் மடக்காமல் உட்கார முடிந்தது. நாற்காலி வழுக்காமல், உடையாமல் இருக்கிறதா என்று முதலில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

மறுபடி நடப்பது

எப்போது ஊன்றலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலி இல்லை என்பதால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

அக்குளில் வைக்கும் கட்டைக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் கையில்தான் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். "நல்லது மேலே, நொந்தது கீழே" என்று எங்கள் குழுவில் சொல்லிப் பழகினோம். பிறகு ஒற்றைக் கைத்தடிக்கு மாறும்போது, அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

கட்டு பிரித்ததும் கால் மெலிந்து, தோல் உரிந்து, முட்டி மடங்காமல் இருக்கும். பயப்பட வேண்டாம். பயிற்சிதான் மருந்து. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி தர வழி உண்டு. அதில் வேலை செய்யும் மகளிர் தன்னார்வலர்கள் பலர் நம் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். அவர்களிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். அடிபட்ட பிறகு அலையாமல், இப்போதே ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொடுத்துப் பதிந்துவையுங்கள். அக்காவின் அறுவைச் சிகிச்சை அந்த அட்டையில்தான் நடந்தது. சாலை விபத்தாக இருந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு பலரிடம் இருக்கும். அது இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான். கூடிவிடும் முறிவுக்குப் பணம் வராது. அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

நாங்கள் மாற்றிக்கொண்டது

அறுவை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்த அன்றே கூட்டம் போட்டோம், அவர் வீட்டுத் திண்ணையில். மூன்று தீர்மானம் எழுதினோம். ஒன்று, மூன்று மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும். இரண்டு, பன்னிரண்டு பேரும் முறைவைத்து, தினம் ஒருவர் தண்ணீர் எடுத்து ஒரு வேளை சமைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று, கூட்டம் அவர் வீட்டிலேயே நடக்கும், கணக்கு நோட்டை அவரே எழுதுவார்.

வீட்டுக்காரரிடமும் பேசினோம். "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றவர், இரண்டாம் வாரத்தில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். பையன் பாட்டிக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போனான். அக்கா காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு பூக் கட்டினார். பெரிய வருமானம் இல்லை. ஆனால் "நான் சும்மா கெடக்கல" என்ற தெம்பு வந்தது.

ஐந்தாம் மாதம் அக்கா கைத்தடியோடு எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். அன்று யாரும் தவணை கேட்கவில்லை. அவரே முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில் ஒருவர் மூன்று மாதம் படுத்துவிட்டால், அவர் வீட்டில் யார் சமைப்பார்? பெயர் சொல்லுங்கள்.
2. நோயில் விழுந்தவருக்குத் தவணை தள்ளிவைக்க நம் விதிமுறையில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே தீர்மானம் எழுதலாமா?
3. எத்தனை பேரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது? இல்லாதவர்களை யார் அழைத்துப் போவது?
4. பாசி பிடித்த படித்துறை, வழுக்கும் குழாயடி, விளக்கில்லாத தெரு நம் ஊரில் எங்கெங்கே இருக்கிறது? கிராம சபையில் யார் சொல்வது?