விஷ்ணுகிராந்தியில் நிக்கல்: உலோகம் உறிஞ்சும் செடிகள் பற்றிய தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

சில செடிகள் மண்ணிலுள்ள உலோகத்தை வேரால் இழுத்து இலையில் சேர்க்கின்றன. அவற்றை அறுத்து எரித்து, சாம்பலிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கலாம். சண்டிலிப்பாயில் தோட்டம் செய்வோரும் மூலிகை பிடுங்குவோரும் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

நம்பிக்கை: உஸ்ஸன்கொட மண் சிவந்து கிடப்பதும் செடிகள் குட்டையாக நிற்பதும் இராவணனின் விமானம் அங்கே இறங்கியதால்.

உண்மை: அம்பாந்தோட்டைக் கரையோரத்தில் இருக்கும் இவ்விடம் 2010 இல் தேசியப் பூங்காவானது. அங்குள்ள மண் சர்ப்பென்டைன் பாறை உக்கி உண்டானது. அதில் நிக்கலும் மக்னீசியமும் மிகுதி. கல்சியமும் பயிருக்கான சத்துகளும் குறைவு. நிஷாந்த ராஜகருணவும் புரூஸ் போமும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு, அங்கு வளரும் விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்த்தாமரை இரண்டிலும் உலர் எடையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருப்பதைக் காட்டியது.

நம்பிக்கை: இங்கேயும் செம்மண்தானே, நம் ஊர் விஷ்ணுகிராந்தியிலும் அவ்வளவு நிக்கல் இருக்கும்.

உண்மை: சண்டிலிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் சுண்ணாம்புக்கல் மேல் அமைந்த நிலம். இங்குள்ள செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஒட்சைட்டு. சர்ப்பென்டைன் பாறை இங்கே இல்லை. மண்ணில் இல்லாததைச் செடி சேர்க்காது. உஸ்ஸன்கொடச் செடியின் கதை வேறு. அதன் பொடியில் 10 கிராம் உண்டால் 10 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் உள்ளே போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2020 இல் வகுத்த நாளாந்த வரம்பு, 60 கிலோ எடையுள்ளவருக்கு 1 மில்லிகிராமைக்கூட எட்டாது.

நம்பிக்கை: எந்தச் செடியை நட்டாலும் மண்ணின் நஞ்சை இழுத்துவிடும்.

உண்மை: பெரும்பாலான செடிகள் உலோகத்தை வேரிலேயே தடுத்துவிடும். இலையில் மிகுதியாகச் சேர்ப்பவை உலகில் ஏறக்குறைய 700 இனங்களே. நியூ கலிடோனியாவில் ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். உலர்ந்த அந்தப் பாலில் காற்பங்கு நிக்கல். சூரியகாந்திக்கு அந்த ஆற்றல் இல்லை. புக்குஷிமா அணுஉலை விபத்துக்குப் பின் 2011 இல் ஜப்பான் வேளாண் அமைச்சு அதை நட்டுப் பார்த்தபோது, மண்ணிலிருந்த கதிரியக்கச் சீசியத்தில் 2000 இல் ஒரு பங்கே செடிக்கு ஏறியது. பழைய பற்றரியிலிருந்து கசியும் ஈயமும் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். செடி நட்டு அதை எடுப்பது மிகக் கடினம்.

நம்பிக்கை: ஒரு போகம் நட்டால் நிலம் சுத்தமாகிவிடும்.

உண்மை: அல்பேனியாவின் சர்ப்பென்டைன் வயல்களில் ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 100 கிலோ அளவில் நிக்கல் கிடைத்திருக்கிறது. அத்தகைய மேல்மண்ணில் இருப்பதோ பல ஆயிரம் கிலோ. அறுத்த செடியை அகற்றவும் வேண்டும். பூவரசங்குழை தாழ்ப்பதுபோல் அதைத் தாழ்த்தால், எடுத்த உலோகம் திரும்பவும் மண்ணுக்கே போய்விடும்.

மூலிகை வாங்கும்போது, எந்த மண்ணில் பிடுங்கியது என்று கேளுங்கள். குப்பை எரித்த இடத்திலும், பற்றரி உடைத்த இடத்திலும், வாகனம் ஓடும் வீதியோரத்திலும் மருந்துக்கென ஒரு செடியும் பிடுங்காதீர்கள்.